வண்டியின் தண்ணீர்த் துளைகள்: நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது



சென்ற ஐப்பசி மழையின்போது நம் டிரஸ்டின் ஆம்புலன்ஸ் மூன்று வாரம் ஓடவில்லை. ஏன் என்று பலரும் கேட்டீர்கள். "ஒயரிங் கோளாறு" என்று மட்டும் சொல்லி வந்தோம். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. உங்கள் சந்தாவிலும் நன்கொடையிலும் ஓடுகிற வண்டி அது. என்ன நடந்தது என்பதைக் கணக்கோடு சொல்ல வேண்டியது எங்கள் பொறுப்பு. அதோடு, நம் ஜமாஅத்தில் இப்போது கார் வைத்திருக்கும் குடும்பங்கள் பெருகிவிட்டன. தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பை நம்பியே பிழைப்பவர்களும் இருக்கிறார்கள். எங்களுக்கு நேர்ந்தது அவர்களுக்கும் நேரலாம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

அன்று இரவு பூப்பாறைப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் காவல் வேலை பார்க்கும் பெரியவருக்கு மூச்சுத்திணறல் என்று போன் வந்தது. வண்டி மேலே போய் அவரை ஏற்றிக்கொண்டது. போடிமெட்டு தாண்டி மழையில் இறங்கிக்கொண்டிருக்கும்போது, ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்பியதும் விளக்கெல்லாம் ஒருமுறை மினுக்கி அணைந்தது. இன்ஜினும் நின்றது. திரும்பக் கிளப்பப் பார்த்தால் சாவிக்கு எந்தப் பதிலும் இல்லை. நல்லவேளையாக ஆக்ஸிஜன் சிலிண்டருக்குக் கரண்ட் தேவையில்லை. கால் மணி நேரம் கழித்துப் பின்னால் ஏலக்காய் மூட்டைகளோடு வந்த ஒரு பிக்கப் வண்டிக்காரர் மூட்டைகளைத் தள்ளி இடம் செய்து கொடுத்தார். பெரியவரையும் சிலிண்டரையும் அதில் ஏற்றித் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், பெரியவர் இப்போது நலமாக இருக்கிறார். அந்தக் கால் மணி நேரத்தை நினைத்தால் எங்களுக்கு இன்னும் தூக்கம் கெடுகிறது.

இதில் எங்களை அதிகம் உறுத்துவது வேறு ஒன்று. அதற்கு ஒரு மாதம் முன்பே நம் டிரைவர் தம்பி அலுவலகத்துக்கு வந்து, "மாமா, இடது பக்கம் கால் வைக்கிற மேட் காயவே மாட்டேங்குது, ஒரு மாதிரி வாடை அடிக்குது" என்று சொன்னார். யாரோ ஈரச் செருப்போடு ஏறியிருப்பார்கள், வெயிலில் எடுத்துப் போடப்பா என்றோம். அவரும் போட்டார். மறுநாள் மேட் மறுபடி ஈரம். இரண்டாவது முறை அவர் வந்து சொன்னபோது நாங்கள் கல்வி உதவித்தொகை விண்ணப்பங்களில் மூழ்கியிருந்தோம்.

வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்து பட்டறையில் விட்ட பிறகுதான் காரணம் தெரிந்தது. மெக்கானிக் வைப்பரைக் கழற்றி, முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் மூடியைத் தூக்கினார். உள்ளே இருந்த பள்ளம் முழுவதும் இலவம் பஞ்சு. அதில் இலைக்குப்பை ஊறிப் படிந்து, தண்ணீர் வெளியேற வேண்டிய இரண்டு வாயையும் கெட்டியாக அடைத்திருந்தது. "பாய், இதுல ஒரு பிள்ளைக்குத் தலகாணியே தைக்கலாம்" என்றார். சிரித்தோம், வேறென்ன செய்வது. வெயில் படக்கூடாது என்று ஆம்புலன்ஸை அலுவலகத்துக்குப் பின்னால் இலவ மரத்து நிழலில் நிறுத்தச் சொன்னதே நாங்கள்தான்.

இனி விஷயத்துக்கு வருவோம். கார் என்பது மழைத் தண்ணீர் ஒரு சொட்டும் உள்ளே போகாதபடி மூடிய டப்பா என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். கார் செய்பவர்கள் அப்படி நினைக்கவில்லை. சில இடங்களில் தண்ணீர் போகத்தான் செய்யும் என்று தெரிந்தே, போன தண்ணீர் தானாக வெளியேற வழியும் வைத்திருக்கிறார்கள். நம் வீட்டு மொட்டை மாடியைப் போலத்தான். மாடியில் மழை விழுவதைத் தடுக்க முடியாது. மூலையில் உள்ள குழாய் வாய் திறந்திருந்தால் போதும். அதில் நாலு மாவிலை அடைத்துக்கொண்டால் மாடி குளமாகி, அடுத்த நாள் படுக்கையறைச் சுவரில் ஓதம் தெரியும். காருக்கும் இதே கதை. ஒரே வித்தியாசம், காரில் ஓதம் கண்ணுக்குத் தெரிய மாதக்கணக்காகும்.

முதலில் எங்கள் வண்டியைக் கெடுத்த இடம். முன் கண்ணாடியில் வழியும் மழையெல்லாம் அந்தக் கறுப்பு மூடிக்குக் கீழே உள்ள பள்ளத்தில்தான் விழுகிறது. அங்கிருந்து இருபுறமும் மட்கார்டுக்குப் பின்னால் இறங்கித் தரையில் சொட்ட வேண்டும். வண்டிக்குள் காற்றை இழுக்கும் வாயும் அதே பள்ளத்தில்தான் இருக்கிறது. நம் நாட்டு வண்டிகளில் பெரும்பாலும் அது இடது பக்கம். வடிகால் அடைத்துக்கொண்டால் பள்ளத்தில் தண்ணீர் ஏறும், ஏறிய தண்ணீர் காற்று வாய் வழியாக இடது பக்கக் காலடியில் இறங்கும். அங்கே மேட்டுக்குக் கீழே தடிப்பான பஞ்சு விரிப்பு இருக்கும். அது தண்ணீரைக் குடித்துக்கொண்டு வாரக்கணக்கில் விடாது. மேலே உள்ள மேட்டை வெயிலில் போடுவதால் ஒன்றும் ஆகாது என்பது இதனால்தான். எங்கள் வண்டியில் அந்த விரிப்புக்கு அடியில் ஒயர்கள் சேரும் இணைப்பு இருந்தது. அதன் செம்பு முனைகள் பச்சை பூத்துப் போயிருந்தன. மலை இறங்கும்போது தண்ணீர் முன்னால் ஓடி வந்து மிச்சத்தையும் முடித்துவிட்டது.

அடுத்து கதவுகள். கண்ணாடி ஏறி இறங்கும் இடத்தில் ரப்பர் பட்டை இருக்கிறதே, அது தண்ணீரை முழுவதும் தடுக்காது. ஒவ்வொரு மழையிலும் கொஞ்சம் கதவுக்குள் இறங்கும். அது வெளியேறக் கதவின் அடி விளிம்பில் இரண்டு மூன்று நீள்வட்டத் துளைகள் உண்டு. கதவைத் திறந்து கீழே குனிந்து விரலால் தடவினால் தட்டுப்படும். மண்ணும் தூசியும் சேர்ந்து இவை அடைத்துக்கொண்டால் கதவுக்குள் தண்ணீர் தேங்கும். கண்டுபிடிப்பது சுலபம். முந்தல் தாண்டிப் போடிமெட்டு வரைக்கும் 17 கொண்டை ஊசி வளைவுகள். ரேடியோவை அணைத்துவிட்டுத் திரும்புங்கள். கதவுக்குள் 'சலக் சலக்' என்று குடம் ததும்பும் சத்தம் கேட்டால் துளை அடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். கண்ணாடி ஏற்றும் மோட்டாரும், பூட்டும், ஸ்பீக்கரும் அந்தத் தண்ணீருக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

கதவுக்குக் கீழே, ஏறும்போது கால் படும் விளிம்பு இருக்கிறதல்லவா, அதன் உள்பக்கம் வெறும் குழல். வண்டியின் பலமே பெரும்பகுதி அதில்தான். அதற்கும் அடியில் துளைகள் உண்டு. இங்கே தண்ணீர் நின்றால் தகடு உள்ளிருந்து வெளியே துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். ஒருநாள் ஒரு சின்னக் கொப்புளம் எழும். விரலால் அழுத்தினால் விரல் உள்ளே போகும். எஃப்.சி. காட்டப் போகும்போது இதைப் பார்த்துத் தலையில் கை வைத்த ஜீப்காரர்கள் நம் ஊரில் உண்டு. டிங்கர் வேலை, வெல்டிங், பட்டி, பெயின்ட் என்று ஒரு சீசன் சம்பாத்தியம் போய்விடும்.

இது ஏதோ நம்மூர் மண் ரோட்டுக் கோளாறு என்று எண்ண வேண்டாம். இத்தாலியின் லான்சியா நிறுவனம் பிரிட்டனில் விற்ற 'பீட்டா' கார்களில் இன்ஜினைத் தாங்கும் சட்டம் துருப்பிடித்துப் போனதால், 1980-ல் அவற்றில் பலவற்றைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்தக் கெட்ட பெயரிலிருந்து அந்தக் கம்பெனி அங்கே மீளவே இல்லை. இப்போது வரும் கார்களின் தகடுக்குத் துருத் தடுப்புப் பூச்சு நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் குழலுக்குள் மாதக்கணக்கில் சேறு ஊறினால் எந்தப் பூச்சும் எத்தனை நாள் தாங்கும்?

தோட்டத்துக்குப் போகும் ஜீப்புகளுக்கு இன்னொரு கேடும் இருக்கிறது. காலையில் ஆள் ஏற்றுகிற அதே ஜீப்பில்தான் உர மூட்டையும் போகிறது. பொட்டாஷ் உரம் என்பது ஒருவகை உப்புத்தான். மூட்டை கிழிந்து சிந்தியது தரைத் தகட்டின் இடுக்கிலும் சேஸிஸ் சட்டத்தின் துளைகளிலும் ஈரத்தோடு சேர்ந்தால் துரு பல மடங்கு வேகமெடுக்கும். கடற்கரை ஊர் வண்டிகள் ஏன் சீக்கிரம் அரிக்கின்றனவோ அதே காரணம். உரம் ஏற்றிய அன்றே பின்பக்கத்தை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, சேஸிஸ் துளைகளில் அப்பிய சேற்றைக் குச்சியால் தள்ளிவிட வேண்டும். இதற்குக் காசு செலவில்லை, பத்து நிமிடம் போதும்.

டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைத் தூக்கிப் பாருங்கள். அடியில் உள்ள பள்ளத்தில் ரப்பர் மூடி போட்ட துளை இருக்கும். இந்த மூடி எப்போதும் மூடித்தான் இருக்க வேண்டும். தண்ணீர் தேங்கியிருந்தால் திறந்து வடித்துவிட்டு, துடைத்து, மறுபடி மூடிவிடுங்கள். பெட்ரோல் மூடியைச் சுற்றியுள்ள குழியிலும் ஒரு சிறு துளை உண்டு. அது அடைத்தால் குழியில் நிற்கும் தண்ணீர், மூடியைத் திறக்கும்போது டேங்குக்குள் போக வாய்ப்பிருக்கிறது.

கூரையில் திறக்கும் கண்ணாடி வைத்த கார்கள், அதாவது சன்ரூஃப், இப்போது கல்யாண வீடுகளில் நிறையப் பார்க்கிறோம். பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள், வாங்குகிறோம். அந்தக் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பரும் முழுத் தடுப்பு கிடையாது. அதன் அடியில் ஒரு தாம்பாளம் போன்ற சட்டமும், மூலைகளிலிருந்து கண்ணாடித் தூண்களுக்குள் இறங்கும் மெல்லிய குழாய்களும் இருக்கின்றன. அந்தக் குழாய் அடைத்தால் உள்கூரைத் துணியில் கறை விழும், தூண் வழியாகத் தண்ணீர் வடியும். பல பேர் உடனே கண்ணாடியைச் சுற்றி சிலிக்கான் பூசிவிடுகிறார்கள். குழாய் அடைத்தது அடைத்தபடியே இருக்கும், இடுக்குகளில் இறங்கும் தண்ணீர் வேறு வழி தேடும்.

அடைப்பது என்றதும் எங்கள் இரண்டாவது தவறைச் சொல்ல வேண்டும். மழை வருகிறதே, வண்டிக்குத் துருப் பிடிக்கக்கூடாதே என்று ஆடி மாதத்தில் அடிப்பக்கம் முழுவதும் கறுப்புக் கோட்டிங் அடிக்கச் செய்தோம். ஒரு நல்ல உள்ளம் அதற்கென்றே தந்த நன்கொடை அது. வேலை செய்தவர்கள் துளைகளை மறைத்து டேப் ஒட்டாமல் தார் போன்ற அந்தப் பூச்சைத் தாராளமாக அடித்துவிட்டார்கள். கதவுக்குக் கீழே உள்ள குழலின் துளைகள் அத்தனையும் மூடிப்போயின. துரு வராமல் இருக்கக் கொடுத்த பணமே துருவுக்கு வழி செய்துவிட்டது. நாங்கள் குனிந்து பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும், பார்க்கவில்லை. கோட்டிங் அடிக்கக் கொடுப்பவர்கள், கொடுப்பதற்கு முன் துளைகளை எண்ணி போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வண்டியைத் திரும்ப எடுக்கும்போது மறுபடி எண்ணுங்கள். இதேபோல, கதவு அடியிலுள்ள துளை வழியாகத்தான் தண்ணீர் உள்ளே வருகிறது என்று நினைத்து எம்-சீல் வைத்து அடைத்தவர்களையும் எங்களுக்குத் தெரியும். அடைத்திருந்தால் தயவுசெய்து இந்த வாரமே சுரண்டி எடுத்துவிடுங்கள்.

சுத்தம் செய்வதற்குப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். இலைகளைக் கையால் அள்ளிவிட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் முக்கால் வேலை முடிந்தது. கதவுத் துளைகளுக்குத் தென்னை ஈர்க்குச்சியைப் போல நல்லது வேறில்லை. வளையும், பெயின்ட்டைக் கீறாது. காய்ந்த குச்சி உள்ளே ஒடிந்துவிடும், பச்சையாகப் பார்த்து எடுங்கள். சன்ரூஃப் குழாய்களுக்கு, தோட்டங்களில் புல் வெட்டும் மிஷினில் போடுகிற நைலான் நரம்பு சரியாக வரும். முனையைத் தீயில் லேசாகக் காட்டி உருண்டையாக்கிக்கொண்டு மெதுவாக விட வேண்டும். இரும்புக் கம்பி விடவே கூடாது, குழாய் கிழிந்துவிடும். பஞ்சர் கடைக் காற்றை அழுத்தி அடித்தாலும் உள்ளே குழாய் இணைப்பிலிருந்து கழன்றுகொள்ளும். பிறகு கூரை முழுவதையும் இறக்கித்தான் மாட்ட வேண்டும். சிலர் பழைய இன்ஜின் ஆயிலைத் துளைகளில் ஊற்றுகிறார்கள். அது ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும், தூசியையும் ஒட்டிப் பிடிக்கும்.

சுத்தம் செய்த பிறகு ஒரு மக்கு தண்ணீரை அந்தந்த இடத்தில் மெதுவாக ஊற்றுங்கள். ஒருவர் ஊற்ற, இன்னொருவர் குனிந்து எங்கே சொட்டுகிறது என்று பார்க்க வேண்டும். வீட்டுப் பிள்ளைகள் இதை ஆர்வமாகச் செய்கிறார்கள். ஊற்றிய தண்ணீர் சட்டென்று தரைக்கு வந்தால் வழி திறந்திருக்கிறது. வரவில்லை என்றால் மேலே ஊற்றுவதை நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். வாட்டர் வாஷ் கொடுப்பவர்களும் முதலில் இலையை அள்ளிவிட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் அந்த வேகத் தண்ணீர் குப்பையை இன்னும் ஆழத்துக்குத் தள்ளிவிடும்.

ஏ.சி. போட்டு ஓட்டும்போது வண்டிக்கு அடியில் சொட்டும் தண்ணீர் வேறு, பயப்பட வேண்டாம், அது சொட்டத்தான் வேண்டும். மழையே இல்லாத நாளில் ஏ.சி. போட்டால் மட்டும் காலடி ஈரமானால் அந்தக் குழாய் அடைத்திருக்கிறது என்று பொருள். மழை பெய்தால் மட்டும் ஈரமானால் நாம் மேலே சொன்ன இடங்களைப் பாருங்கள்.

எப்போது செய்வது? நம் ஊருக்கு வருடத்தில் இரண்டு முறை போதும் என்பது எங்கள் கருத்து. பங்குனி, சித்திரையில் இலவங்காய் வெடித்துப் பஞ்சு பறந்து முடிந்ததும் ஒருமுறை. அதற்குப் பிறகு மலையில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும், நம் பக்கம் காற்றும் சாரலும் இலைகளைக் கொண்டுவந்து கொட்டும். ஐப்பசி அடைமழைக்கு முன் இன்னொரு முறை. மரத்தடியில் நிறுத்துபவர்கள் வாரம் ஒருமுறை வைப்பர் பக்கத்து இலைகளையாவது அள்ளிவிடுங்கள். மலைச்சரிவில் வீடு உள்ளவர்கள் வண்டியை எப்போதும் ஒரே பக்கம் பார்த்து நிறுத்துகிறார்கள். தண்ணீர் எல்லாம் தாழ்ந்த முனைக்கே ஓடும், அந்த முனையின் துளைகள் மட்டும் எல்லாக் குப்பையையும் வாங்கிக்கொள்ளும். அங்கே கூடுதலாகக் கவனியுங்கள்.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று சிலர் கேட்டார்கள். வெள்ளத்தில் திடீரென்று மூழ்கினால் முழு பாலிசியில் இழப்பீடு கேட்கலாம். நாளடைவில் பிடித்த துருவும் தேய்மானமும் அதில் வராது. எங்கள் செலவும் வரவில்லை. ஒயரிங்கும், விரிப்பும், டிங்கர் வேலையும் சேர்ந்து ஆன தொகை, நம் உதவித்தொகையில் ஒரு ஏழைப் பிள்ளைக்கு ஒரு வருடத்துக்கு நாம் கட்டும் கல்லூரிக் கட்டணத்துக்குச் சமம். ரசீதுகள் அலுவலகத்தில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெயின்ட்டையும் கிலோமீட்டரையும் பார்ப்பதற்கு முன் முன்பக்க மேட்டைத் தூக்கி, அடி விரிப்பைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஸ்டெப்னிப் பள்ளத்தில் வண்டல் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். 2015 டிசம்பரில் சென்னையிலும் 2018 ஆகஸ்டில் கேரளத்திலும் வெள்ளத்தில் நின்ற வண்டிகள் எத்தனையோ. எந்த வண்டி எங்கே கை மாறி வந்தது என்று நமக்குத் தெரியாது. வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்து வைத்திருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள்.

நம் ஆம்புலன்ஸ் இப்போது இலவ மரத்தடியில் நிற்பதில்லை, பள்ளிவாசல் மதிலோரம் தகரக் கொட்டகை போட்டிருக்கிறோம். டிரைவர் தம்பி சொல்வதை எழுதி வைக்க ஒரு நோட்டும் போட்டிருக்கிறோம். அதில் எழுதியதை செயலாளர் அன்றே படித்துக் கையெழுத்திட வேண்டும் என்பது நிர்வாகக் குழு வைத்த விதி. நாங்கள் மறுப்புச் சொல்லவில்லை.

இன்ஷா அல்லாஹ், வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு நம் அலுவலக வாசலில் டிரைவர் தம்பியும் மெக்கானிக்கும் இருப்பார்கள். துளைகள் எங்கே இருக்கின்றன, எப்படிச் சுத்தம் செய்வது என்று உங்கள் வண்டியிலேயே காட்டித் தருவார்கள். கட்டணம் எதுவும் இல்லை, எந்தச் சமுதாயத்தவரும் வரலாம், ஜீப் ஓட்டும் சகோதரர்கள் அவசியம் வாருங்கள். வரும்போது ஒரு பழைய பிரஷ்ஷும், ஒரு மக்கும், நாலைந்து பச்சை ஈர்க்குச்சியும் கொண்டு வரவும்.